இன்னாசி மிதித்த முதுகு

1

நமது வாசகசாலைக் காரியதரிசி போன கப்பலில் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய தகப்பனாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதமாகிறதாம். 'முதுகெலும்பை ஒரே நெட்டில் சரிப்படுத்தும் அமெரிக்க வைத்தியம் என்றும், உருவிவிட்டுத் தேகாப்பியாசம் கொடுத்து மெல்லக் குணமாக்கும் வைத்தியம் என்றும் கண்டியிலிருந்து எழுதினாயே; இப்போது சென்னைப் பட்டணத்திலும் இரண்டுக்கும் ஆள் வந்துவிட்டார்களாம். இரண்டில் எது மேல்? படித்தவன், இரண்டையும் நேரில் கண்டவன், நீ சொன்னால் அப்படியே செய்கிறோம்' என்கிறார்.

நீ சொன்னால் அப்படியே செய்கிறோம்! போன வருஷம் இதே வார்த்தையை இன்னாசி சொன்னான். அவனுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை நீங்கள் தெரிந்துகொண்ட பிறகு என்னிடம் யோசனை கேட்பீர்களோ, மாட்டீர்களோ!

காரியதரிசியின் கடிதம் வந்த அதே வாரம் எங்கள் வீட்டுக்காரர் ஹமீது நானா மாடிப்படிக்குக் கீழே நின்று குரல் கொடுத்தார்: "தம்பி சவரி! அலுமாரிய மேல ஏத்தோணும். பெரஹரா பாக்க ஆக்கள் வாற."

பெரஹரா என்பது இங்கே தலதா மாளிகை என்ற புத்தர் கோயிலின் திருவிழா ஊர்வலம். எங்கள் வீடு அது போகும் வீதியில் இருக்கிறது. கீழே நானாவின் துணிக்கடை, அதையொட்டித் தெருப்பக்கம் ஒரு பெரிய அறை. வருஷந்தோறும் அந்த அறையை வெளியூர்க்காரர்களுக்கு ஒழித்துக் கொடுப்பார். அதற்காக அங்கே நிற்கிற தேக்கு அலுமாரி மாடிக்கு ஏற வேண்டும். அலுமாரி என்ற சொல்லைக் கேட்டதுமே என் இடுப்பு தானாக நிமிர்ந்துகொண்டது.

2

இன்னாசி யார் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கையெழுத்துப் பத்திரிகை மூன்று ஊர் சுற்றுகிறதே, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இன்னாசி கால் முன்னாகப் பிறந்தவன். தலைக்கு முந்திக் கால் வெளியே வந்தால் வேறெங்கும் அதைக் கண்டம் என்பார்கள். நம்மூரில் அது ஒரு உத்தியோகம். அப்படிப் பிறந்த பிள்ளை மூன்று தரம் மிதித்தால் எந்த முதுகுப் பிடிப்பும் விட்டுவிடும் என்பது பனையேறி முதல் உபதேசியார் வரை எல்லாருடைய நம்பிக்கை. அப்போது எங்கள் இருவருக்கும் ஏழு வயது. நான் பள்ளிக்கூடத்தில் முதல் மாணாக்கன். மனக்கணக்கில் என்னை ஜெயிக்க ஆளில்லை. ஆனால் சாயங்காலமானால் ஊர்ப் பெரியவர்கள் வரிசையாகக் குப்புறப் படுத்துக் கிடப்பதும், "வாய்யா ராசா, மிதி" என்று கெஞ்சுவதும் அவனைத்தான். மிதித்து இறங்கினால் கையில் கருப்பட்டி. அவன் எதைப் படித்தான்? எந்தப் பரீட்சை எழுதினான்? பிறக்கும்போது காலை நீட்டினான், அவ்வளவுதான்.

ஒருநாள் என் அப்பாவே அவன் காலுக்கடியில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தேன். அன்று மனக்கணக்கில் எனக்கு நூற்றுக்கு நூறு. அதைச் சொல்ல ஓடிவந்தவன், சொல்லாமலே திரும்பிப் போனேன்.

அவனும் நானும் ஒரே நாளில்தான் ஊரைவிட்டுக் கிளம்பினோம். மண்டபம் முகாமில் கண், நாக்கு, நகம் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு லேசாகக் காய்ச்சல் அடிக்கிறது என்று நிறுத்திவைத்தார்கள், அவனை அனுப்பிவிட்டார்கள். நான் வந்து சேர்வதற்குள் அவன் கண்டித் தேயிலை ஸ்டோரில் எடை குமாஸ்தா ஆகி, எனக்கும் அங்கே ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தான். அதற்கு நான் நன்றி சொன்னேனா என்று எனக்கு ஞாபகமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவன் மூட்டைக்காரர்களோடு சிங்களத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இலக்கணப் புத்தகம் வாங்கி இரண்டு மாதம் படித்த நான், கடையில் ஒரு நெருப்புப் பெட்டி கேட்டால் கடைக்காரன் தாளைக் கொடுத்து எழுதிக் காட்டச் சொல்லுகிறான்.

3

போன வருஷம் எங்கள் ஸ்டோரில் ஒரு புதிய உத்தியோகம் ஏற்படுத்தினார்கள். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிற்சாலையில் தேயிலையைப் பார்த்து எழுதி வருகிற குமாஸ்தா வேலை. கலஹாப் பக்கம் ஜாகை. மலை, ஓடை, பனி, தினமும் ஒரு புது வழி! சமுத்திரம் தாண்டி வந்தது ஒரு கிடங்குக்குள் உட்கார்ந்து தராசு முள்ளைப் பார்ப்பதற்கா? அந்த வேலை கிடைக்காவிட்டால் நான் உலர்ந்தே போவேன் என்று நினைத்தேன். ஒரே இடம், தகுதியானவர் இருவர். நானும் அவனும். புரட்டாசி நடுவில் பெரிய துரை எங்கள் இருவரையும் கலஹாவுக்கு அழைத்துப் போவார். பஸ் நிற்குமிடத்திலிருந்து மலைமேல் இருக்கிற தொழிற்சாலைவரை நடந்து ஏறிக் காட்ட வேண்டும். நடக்க முடியாதவனுக்கு அந்த வேலை எதற்கு என்பது அவர் கட்சி.

இந்த நிலைமையில்தான் அலுமாரி குறுக்கே வந்தது. ஆடிக் கடைசி. மேல் பக்கம் இன்னாசி, பின்புறமாகப் படியேறுகிறான். கீழ்ப்பக்கம் நான். பாதிப் படியில் ஒரு திருப்பம்.

"தம்பிமாரே, வெச்சிட்டு மூச்சு எடுங்க," என்றார் நானா.

"எனக்கு வேண்டாம் நானா. சவரிக்கு வேணும்னா வைப்போம்," என்றான் அவன்.

"எனக்கா? நான் இதை இன்னும் ரெண்டு மாடி ஏத்துவேம்லே," என்றேன் நான்.

"அப்ப ஏறு."

"நீ நகர்ந்தாத்தானே ஏற?"

யார் முதலில் 'வைப்போம்' என்று சொல்வது? இருவரும் சொல்லவில்லை. திருப்பத்தில் அலுமாரி ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் ஒரு திசையில் முறுக்கினான், நான் எதிர்த் திசையில் முறுக்கினேன். அலுமாரிக் கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழவில்லை. நாங்கள் இருவரும் படியில் நண்டு மாதிரிக் கிடந்தோம்.

"அல்லாஹ்வே! ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஒரே வருத்தம்," என்று நானா தலையில் கை வைத்தார். இங்கே வருத்தம் என்றால் நோய்.

அன்று மாலை, பக்கத்து அறையில் படுத்தபடி இன்னாசி சொன்னான்: "ஊரு முதுகையெல்லாம் நான் மிதிச்சேன். என் முதுகை எவன்லே மிதிப்பான்?"

நியாயமாக என் முதுகை மிதிக்கச் சொல்லி அவனிடம்தான் நான் கேட்டிருக்க வேண்டும். அவனால் எழுந்து நிற்க முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எழுந்து நின்றிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

4

மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே கிளம்பினேன். புதிதாக எதையாவது விசாரித்து அறிவதென்றால் எனக்கு வலிகூடத் தெரியாது. ஒரு காகிதத்தில் நடுவே கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே போனேன்.

முதலில் ஒரு பறங்கிச் சீமாட்டி. பெரிய யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு உருவிவிட்டு, தேகாப்பியாசம் கற்பித்து, மறுபடி நடக்க வைத்தவர். நர்ஸ்மாரை இங்கே மிஸி என்பார்கள். அவர் தம் வீட்டு விறாந்தையிலேயே நோயாளிகளைப் பார்க்கிறார். என்னைக் குனியச் சொன்னார், பக்கவாட்டில் சாயச் சொன்னார், காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கொஞ்சத் தமிழில் சொன்னார்: "ஆறு கிழமை. ஒவ்வொரு நாளும் பத்து தரம். பதினொன்று வேணாம். நான் சொன்ன பிறகு பன்னிரண்டு."

ஆறு கிழமை என்றால் ஆறு வாரம்! நடந்து காட்ட வேண்டிய நாளே அத்தனை தூரத்தில்தான் இருக்கிறது. பத்து தரம் காலைத் தூக்கி இறக்குவது ஒரு வைத்தியமா?

அடுத்தது கட்டுகலைப் பக்கம். அமெரிக்கா போய்ப் படித்து வந்த ஒரு சிங்களவர். கைரோப்ராக்டர் என்று பலகை போட்டிருக்கிறார். தெருவில் அவருக்கு முதுகெலும்பு மாத்தயா என்று பெயர்; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. சுவரில் முதுகெலும்பின் படம், தலை முதல் வால்வரை வர்ணம் தீட்டியது. அதைப் பார்த்தவுடனேயே என் மனம் அவர் கட்சிக்குப் போய்விட்டது. தோல் பெஞ்சில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி, மூச்சை விடச் சொல்லி, ஒரே தள்ளு. 'டக்' என்று சத்தம். எழுந்து நின்றேன். நிமிர்ந்து நின்றேன்!

"ரெண்டு நாளைக்குக் குனிய வேணாம், முறுக்க வேணாம்," என்றார். "வேற வைத்தியம், பயிற்சி, என்ன செஞ்சாலும் எனக்குச் சொல்லோணும். மறைக்க வேணாம்."

குளக்கரையில் ஏறக்குறைய ஓடிவந்தேன். வீட்டு வாசலில் கால் வைத்ததும் இன்னாசி அறைக்குள்ளிருந்து கேட்டான்: "என்னலே விசாரிச்ச? நீ படிச்சவன். நீ சொன்னா அப்படியே செய்யிதேன்."

காகிதம் என் சட்டைப்பையில் இருந்தது. நான் சொன்னேன்: "ஒரு மிஸி இருக்காக. ஆறு வாரம் ஆகும். ஆனா அதுதான் சாஸ்திரீயமான வைத்தியம். உன்னைப் போலப் பொறுமைசாலிக்கு அதுதான் லாயக்கு."

"உனக்கு?"

"எனக்கு எண்ணெய் தேய்ச்சதுலேயே விட்டுப்போச்சு."

அமெரிக்க வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்து காட்டும் நாளில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. மழுப்பாமல் எழுதிவிட்டேன்.

5

மாத்தயா தந்த சுகம் நாலு நாள் நிற்கும். ஐந்தாம் நாள் இறுகும். மறுபடி போவேன், மறுபடி 'டக்', மறுபடி நாலு நாள். நாளாக ஆக நாலு பத்தாகும் என்று அவர் சொல்லியிருந்தார். அந்தப் பக்கம் இன்னாசி முதல் வாரம் தவழ்ந்தான். இரண்டாம் வாரம் தடி ஊன்றினான். மூன்றாம் வாரம் தடியை நானாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

எங்கள் இரண்டு அறைக்கும் நடுவே பலகைச் சுவர். பலகையில் ஒரு கணு விழுந்து ஓட்டையாகியிருந்தது. ஒருநாள் விடிந்ததும் அதில் கண்ணை வைத்தேன். இன்னாசி பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்கினான். பத்து. பிறகு ஒரு காலை நீட்டித் தூக்கினான். பத்து. அவ்வளவுதான், எழுந்து முகம் கழுவப் போய்விட்டான்.

நான் என் பாயில் படுத்து இருபது செய்தேன்.

அவன் பன்னிரண்டு செய்த நாளில் நான் இருபத்துநாலு செய்தேன். மாத்தயா 'முறுக்க வேணாம்' என்ற நாளில்கூட விடவில்லை. அவன் ஒரு பங்கு தேறினால் நான் இரண்டு பங்கு தேற வேண்டாமா? ஐந்தாம் வாரம் அவன் புதிதாக இரண்டு பயிற்சி தொடங்கினான். ஒன்று, குப்புறப் படுத்துக் கையையும் காலையும் சேர்த்துத் தூக்கித் தோணி மாதிரி ஆடுவது. இன்னொன்று, மல்லாந்து படுத்து இரண்டு காலையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தரையைத் தொடுவது. அவன் ஒரே ஒரு தரம் செய்தான். இவன் தேறியே விட்டான் என்று எனக்கு வயிறு எரிந்தது. இருபது தரம் செய்தேன்.

மாத்தயா என் முதுகில் விரலை வைத்ததும் நிறுத்தினார். "இது புதுசா இறுகியிருக்கு. வேற என்ன செய்யிறீங்க?"

"ஒண்ணுமில்லையே, சார்."

அவர் கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். "அப்ப எனக்கு விளங்க இல்ல," என்று சொல்லிவிட்டு அன்றைக்கு நெட்டி முறிக்காமலே அனுப்பிவிட்டார்.

அதற்குள் ஸ்டோரிலிருந்து தேக நிலையைப் பற்றிப் பூர்த்தி செய்ய மூன்று பிரதியில் ஒரு பாரம் வந்தது. அப்போதிக்கரியிடம், அதாவது சின்ன ஆஸ்பத்திரி வைத்தியரிடம், முத்திரை வாங்கி வரவேண்டும். ஒருவர் கையெழுத்துப் போட மறுக்க, இன்னொருவரிடம் போக, அவர் முதலாமவரின் கையெழுத்து எங்கே என்று கேட்க, இரண்டு நாள் அலைந்தேன். 'சமீபத்தில் ஏதாவது வைத்தியம் பெற்றதுண்டா?' என்று ஒரு வரி. நான் 'இல்லை' என்று எழுதினேன். இன்னாசி 'உண்டு, முதுகு' என்று எழுதியிருந்தான்.

6

கலஹாவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. பெரிய துரை முன்னால், இன்னாசி அடுத்து, நான் கடைசி. அரை மைல்வரை நான் அவனை முந்தப் பார்த்தேன். மூன்றாவது வளைவில் ஒரு சின்னப் பாலம். அதன்மேல் கால் வைத்தேன். இடுப்பில் யாரோ ஆப்பு அடித்தது போலிருந்தது. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான்.

இன்னாசி ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு ஏறிப் போய்விட்டான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அவன் தனியாக இறங்கி வந்தான். துரை மேலேயே தங்கிவிட்டாராம். அவன் முகத்தைப் பார்த்ததுமே வேலை யாருக்கு என்று தெரிந்துவிட்டது.

"எத்தனை தரம்லே செஞ்ச?" என்று கேட்டான்.

"எதை?"

"தோணியும் தலைகீழ்க் காலும். மிஸி அதைச் சொல்லித் தரல. உனக்காக நானே கட்டினது."

நான் சட்டைக் கையால் முகத்து மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டேன்.

"பலகை ஓட்டையில கண்ணு முழிச்சுக்கிட்டு நிக்கிறது தெரியாதா? நீ இருபது எண்ணினது எனக்குக் கேட்டுச்சுலே. ஒரு தரம் செஞ்சதுக்கே எனக்கு உயிர் போச்சு." சிரிக்கத் தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "முதுகெலும்பு மாத்தயாகிட்ட நீ போற சங்கதி நாலாவது வாரமே நானா சொல்லிட்டாரு. நீ ஒரே நாள்ல நிமிந்து வந்த. என்னை ஆறு வாரம் உருளவிட்ட. கேட்டேம்லா உங்கிட்ட? நீ சொன்னா செய்யிதேன்னு சொன்னேம்லா?"

அவன் கண் கலங்கியிருந்ததா, மழையா, நான் சரியாகப் பார்க்கவில்லை.

"சரி, கடைசி பஸ் போயிரும். குப்புறப் படு," என்றான்.

"எங்க?"

"இங்கதான். ரோட்டுல."

படுத்தேன். வேறு வழி? கன்னத்தில் ஈர மண். அவன் செருப்பைக் கழற்றினான். மேலேயிருந்து கொழுந்துக் கூடையோடு நாலைந்து பெண்கள் இறங்கி வந்தார்கள்.

"ஏண்டி, இந்த ஐயா ஏன் ரோட்டுல கெடக்காரு?"

"கண்ணு தெரியலையா? காலாப் பொறந்தவரு மிதிக்கிறாருடி. எங்க சின்னய்யாவுக்கும் இப்பிடித்தான் விட்டுச்சு."

"ஐயா, அப்பிடியே எங்க லயத்து வீட்டுக்கு வந்து எங்க மாமியாளையும் ஒரு மிதி மிதிச்சுட்டுப் போங்கய்யா! கொஞ்சம் அழுத்தியே மிதிங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். இன்னாசியும் சிரித்தான். கடல் தாண்டி, மலை ஏறி வந்த இடத்திலும் இவனுக்குக் கிராக்கி! மண்ணில் மூக்கை வைத்துக்கொண்டு நான் பொறாமைப்பட்டேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

குணமானதா என்று கேட்காதீர்கள். எழுந்தேன், பஸ்வரை நடந்தேன். இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததாலும் இருக்கலாம்.

7

இப்போது காரியதரிசிக்குப் பதில்.

மாத்தயாவின் கையும் மெய், மிஸியின் பத்துத் தரமும் மெய். தகப்பனார் எதற்குப் போனாலும் போகட்டும். ஆனால் ஒன்றில் இருந்துகொண்டு இன்னொன்றைத் திருடக்கூடாது. செய்கிறதையெல்லாம் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். காலில் மரமரப்போ பலக்குறைவோ இருந்தால் இரண்டையும் விட்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நான் பிற்பாடு மாத்தயாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "அப்ப இப்ப விளங்குது," என்றார். மூன்று மாதத்தில் நேரானேன்.

இனிமேல் எழுதப்போவதை உரக்கப் படியுங்கள். இதே பத்திரிகையின் போன வருஷக் குறிப்பில் நான் எழுதியிருந்தேன்: 'இவ்விடத்தில் தகுதிக்கு மதிப்பில்லை, துரையிடம் கோள் சொல்லி நல்ல பேர் வாங்குகிறவர்களுக்கே உத்தியோகம்.' பெயரைப் போடவில்லை. போட வேண்டிய அவசியம் இல்லை என்று தெரிந்துதான் போடவில்லை. அது பொய். இன்னாசி நடந்து ஏறினான், வேலையைப் பெற்றான். நான் ஏற முடியாமல் போனதற்கு நானே காரணம். அவன் கட்டிய இரண்டு பயிற்சியையும் என் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறேன்.

8

இந்த வருஷம் அலுமாரி ஏற்ற நானா கூப்பிட்டபோது இன்னாசியும் கலஹாவிலிருந்து லீவில் வந்திருந்தான். தோட்டத்து வெயிலில் கறுத்து, கழுத்தெல்லாம் திரண்டு, பார்க்கவே எரிச்சலாக இருந்தது. போன தடவை போலவே அவன் மேல் பக்கம், நான் கீழ்ப்பக்கம்.

நாலாவது படியில் அவன் சொன்னான்: "அம்மா ஞாயித்துக்கிழமை பெரிய பூசைக்குப் போறதில்லையாம்லே. விடியக்காலப் பூசைக்குப் போயிட்டு யாரையும் பாக்காம வந்துடுதாளாம். கோள் சொல்லி உத்தியோகம் வாங்கினவன் அம்மான்னு கிணத்தடியில பேசிக்கிடுதாகளாம். யாரோ பத்திரிகையில எழுதினாகளாம்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. படியைப் பார்த்துக்கொண்டே ஏறினான். எழுதியது யார் என்று அவன் கேட்கவும் இல்லை.

திருப்பம் வந்தது. அலுமாரி கனத்தது. கீழே நானா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"வைப்போம்லே," என்றேன்.

வைத்தோம். அலுமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் மட்டும் வந்தது: "போன வருசமே சொல்லியிருக்கலாம்லா?"

"நீ சொல்லியிருக்கலாம்லா?"

"நானா, ஒரு பிளேன்டி கெடைக்குமா? இங்கயே குடிச்சுக்கிடுதோம்," என்று அவன் கீழே பார்த்துக் கத்தினான்.

தேநீர் குடித்தோம். படியிலேயே இந்தக் குறிப்பின் ஏழாம் பகுதியை மனத்தில் எழுதி முடித்தேன். இன்னாசியின் அம்மா வீட்டுக்குப் போய் அவர் எதிரே வாசித்துக் காட்டுங்கள்; அடுத்த ஞாயிறு அவர் பெரிய பூசைக்கு முன்வரிசையில் போய் உட்காரட்டும்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அலுமாரியை வைத்தபோது இன்னாசிக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்கியது. நானாவைக் கேட்டால் சொல்லுவார்.